'ரிப்போர்ட் நார்மல்' என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?

என் சித்தி பெரம்பூரில் தையல் வேலை செய்கிறார். ஆறு வருடங்களாக அவருக்கு இடுப்பிலும் தோள்பட்டையிலும் வலி. டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் கையில் ஒரு கட்டைப்பை இருக்கும். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை, பழைய மருந்துச் சீட்டுகள் என்று எல்லாம் அதற்குள். போன வருடம் ஒரு நாள் நானும் கூடப் போனேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் நார்மலாத்தான் இருக்கும்மா. சும்மா வலி வலின்னு நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க. மனசை வேற எதுலயாவது திருப்புங்க" என்றார். மொத்தம் மூன்று நிமிடம்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சித்தி அழுதார். "வலிக்குதேன்னு அழலடா. ஆறு வருஷமா நான் பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாரே" என்றார்.

நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள் பலரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. வீட்டில் "உனக்கு எப்பவும் எங்கயாவது வலிதான்" என்பார்கள். ஆபீசில் "லீவுக்கு ஒரு சாக்கு" என்பார்கள். இவற்றைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உதவி கேட்டுப் போன இடத்திலேயே நம்ப மறுத்தால் அது வேறு மாதிரியான அடி. இந்த அவநம்பிக்கை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. வலி என்றால் என்ன என்பதையே நம்மில் பலர், சில மருத்துவர்கள் உட்பட, பாதிதான் புரிந்துவைத்திருக்கிறோம். அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாள்பட்ட வலி என்பது எது?

கதவு இடுக்கில் விரல் நசுங்குகிறது. வலிக்கிறது, கையை இழுத்துக்கொள்கிறோம். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து வலியும் போய்விடுகிறது. இது உடனடி வலி. நம்மைக் காப்பாற்றுகிற வலி. பிறவியிலேயே வலி தெரியாத சிலர் இருக்கிறார்கள். சூடு பட்டதும் எலும்பு முறிந்ததும்கூடத் தெரியாமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் வலியின் அருமை புரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையும், போய்ப் போய்த் திரும்பி வரும் வலியையும் மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. நமக்குத் தெரிந்த உதாரணங்களே நிறைய. அக்கி வந்து கொப்புளம் காய்ந்து தழும்பும் மங்கிய பிறகு, அதே இடத்தில் மாதக்கணக்கில் தீயாக எரிவது. சர்க்கரை நோயாளிகளின் காலெரிச்சல். 2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டும், மூட்டு வலி மாதங்களாகவும் சிலருக்கு வருடங்களாகவும் விடாமல் இருந்தது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ். உடம்பு முழுக்க வலியும் அசதியும் தூக்கக் கெடுதலுமாக வரும் ஃபைப்ரோமயால்ஜியா.

வலி என்பது இன்னொரு நோயின் அறிகுறி மட்டும்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே உண்டு. வேறு நோய் எதுவும் காரணமாகத் தெரியாதபோதும் வலியே ஒரு நோயாக இருக்கலாம் என்பதை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காயம் வேறு, வலி வேறு

காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்று நினைக்கிறோம். காயம் இல்லை என்றால் வலியும் இருக்கக் கூடாது என்ற முடிவுக்கு அங்கிருந்துதான் போகிறோம். இந்தக் கணக்கு தப்பு.

1995-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த சம்பவம் இது. ஒரு கட்டடத் தொழிலாளி மேலிருந்து குதித்தபோது 15 செ.மீ. ஆணி ஒன்று அவர் பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடித்தார். வலுவான வலி மருந்து கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தார்கள். ஆணி கால் விரல்களுக்கு நடுவே போயிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. ஆணியைக் கண்ணால் பார்த்ததும் ஆபத்து என்று மூளை முடிவு கட்டியது, வலியும் வந்துவிட்டது.

இன்னொன்று நம்ம ஊரோடு தொடர்புள்ளது. கையோ காலோ அகற்றப்பட்ட பலருக்கு, இல்லாத அந்த உறுப்பிலேயே வலி வரும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராக இருக்கும் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இதற்கு ஓர் எளிய வழியை முயன்றார். நிமிர்த்தி வைத்த கண்ணாடிக்கு முன்னால் நல்ல கையை வைத்து அசைத்தால், அதன் பிம்பம் இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். அதைப் பார்த்தபடி அசைக்கும்போது, இறுக்கி மூடியிருப்பதாக உணர்ந்த 'கை' விரிந்து வலி தணிந்ததாகச் சிலர் சொன்னார்கள். கையே இல்லை. இருந்தும் வலி இருந்தது, அதைத் தணிக்கவும் முடிந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்லா டிஸ்க்கும், அதாவது நாம் ஜவ்வு என்கிறோமே அது, சரியாக இருந்தது 36 சதவீதம் பேருக்குத்தான். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஓர் இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்களுக்கு வலியே இல்லை!

ஆக, படத்தில் கோளாறு தெரிந்தும் வலி இல்லாமல் இருக்கலாம். படம் சுத்தமாக இருந்தும் வலி இருக்கலாம். ஸ்கேன் உடம்பின் அமைப்பைக் காட்டும். வலியைப் படம்பிடிக்கும் கருவி எந்த ஸ்கேன் சென்டரிலும் கிடையாது.

கல்யாண மண்டபத்து மைக் செட்

சரி, காயம் ஆறிய பிறகும் வலி எங்கிருந்து வருகிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மைக், நடுவில் ஆம்ப்ளிஃபையர், மூலையில் ஸ்பீக்கர், வால்யூம் திருகியில் கை வைத்தபடி மைக் செட் அண்ணன். யாராவது பேசினால் மைக் பிடிக்கும், ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கும், ஸ்பீக்கர் ஒலிக்கும்.

உடம்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. தோல், தசை, மூட்டு என எங்கும் பரவியிருக்கும் நரம்பு முனைகள்தான் மைக். வெட்டு, சூடு, அழுத்தம் போன்ற ஆபத்துகளை அவை பிடித்து அனுப்புகின்றன. அனுப்புவது 'இங்கே ஆபத்து' என்ற செய்தியை மட்டும்தான். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் ஆம்ப்ளிஃபையர். செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். 1965-ல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் தண்டுவடத்தில் இப்படி ஒரு 'வாசல்' இருப்பதாக ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். முட்டியில் இடித்துக்கொண்டால் கை தன்னாலேயே அந்த இடத்தைத் தேய்க்கிறதே, அந்தத் தொடுதல் வாசலைக் கொஞ்சம் சாத்துகிறது. மைக் செட் அண்ணன் நம் மூளை. வரும் செய்தி, முன் அனுபவம், பயம், தூக்கம் எல்லாவற்றையும் வைத்து எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. நாம் யோசித்துச் செய்கிற தீர்மானம் இல்லை இது, நெஞ்சு துடிப்பது போலத் தானாக நடப்பது.

இப்போது வால்யூம் அளவுக்கு மேல் ஏறிவிட்டது என்று வையுங்கள். மேடையில் ஒருவர் செருமினாலும் மண்டபமே அதிரும். இன்னும் ஏறினால் ஸ்பீக்கரின் சத்தத்தையே மைக் மறுபடி பிடித்து, அது மறுபடி பெரிதாகி, காதைப் பிளக்கும்படி 'கீ…' என்று கூவும். மேடையில் யாரும் பேசவில்லை. கூவல் மட்டும் நிஜம். அப்போது மைக்கைக் கழற்றிப் பார்த்து "மைக் நார்மல்" என்று சொன்னால் மண்டபத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

நாள்பட்ட வலியில் பல நேரம் நடப்பது இதுதான். தொடர்ந்து ஆபத்துச் செய்தி வந்தால் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பு செல்கள் மாறிப்போகின்றன. சின்னச் செய்திக்கும் பெரிதாகப் பதில் தருகின்றன. கிளிஃபர்டு உல்ஃப் என்ற ஆய்வாளர் 1983-ல் இதை விலங்குகளில் காட்டினார். மருத்துவர்கள் சென்ட்ரல் சென்சிடைசேஷன் என்கிறார்கள். மைய மிகையுணர்வு என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் சட்டை உரசினால்கூட எரியும். சித்திக்குத் தோளில் பையின் வார் பட்டாலே வலிக்கிறதே, அது இதுதான். எல்லா நாள்பட்ட வலியும் இந்த வகை இல்லை. மூட்டுத் தேய்மானத்தில் மைக்கும் பழுது, ஆம்ப்ளிஃபையரும் பழுது என்று கலந்தும் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வலி காயத்தின் அளவுகோல் இல்லை, ஆபத்து என்று நரம்பு மண்டலம் போடும் சத்தம். சத்தம் போடும் அமைப்பே மாறிவிட்டால், காயம் ஆறியும் வலி நிற்காது. அந்த மாற்றம் வழக்கமான எக்ஸ்ரேயிலும் எம்ஆர்ஐயிலும் தெரியாது.

முத்திரை எப்படி விழுகிறது?

ஒருவரை அவருடைய நிலைமையை வைத்துக் குறைத்து எடைபோட்டு, அந்த எடையோடே நடத்துவதைச் சமூகக் களங்கம் என்று புத்தகத் தமிழில் எழுதுகிறார்கள். பேச்சில் முத்திரை குத்துவது என்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. களங்கம் என்றால் நோயாளியிடம் ஏதோ கறை இருப்பது போலத் தொனிக்கிறது. முத்திரை என்றால் குத்துகிற கை ஒன்று இருப்பது ஞாபகத்துக்கு வரும்.

முதல் முத்திரை, 'நடிப்பு'. வலிக்கிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. தலை கலைந்து, முகம் சுருங்கி, நொண்டிக்கொண்டு வர வேண்டும். சித்தி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால் "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். கசங்கின புடவையில் முனகிக்கொண்டு போனால் "ரொம்பத்தான் அலட்டிக்கிறாங்க" என்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பவுடர் போடலாமா வேண்டாமா என்று அவர் கண்ணாடி முன் நின்று யோசித்ததைப் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காக வலிப்பவர்கள் சிரிக்கவும் சமைக்கவும் கல்யாணத்துக்குப் போகவும் பழகிக்கொள்கிறார்கள். அடுத்த நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, 'எல்லாம் மனசுதான்'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரிக்க வேண்டும். மனதுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு. கவலையும் தூக்கமின்மையும் வால்யூமைக் கூட்டும், நீண்ட வலி மனச்சோர்வைக் கொண்டுவரும். வலி எல்லாமே, கதவிடுக்கில் நசுங்கிய விரலின் வலி உட்பட, மூளையில்தான் உருவாகிறது. ஆனால் 'மூளையில் உருவாகிறது' என்பதும் 'நீங்களாகக் கற்பனை செய்கிறீர்கள்' என்பதும் ஒன்றே இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'மனசு' என்று முடித்துவிடுவதால் வரும் கஷ்டத்துக்கு ஒரு மாத்திரையே சாட்சி. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்காக வந்தவை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைக் குறைக்கும் பாதைகளை இவை வலுப்படுத்துவதால் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள். அமிட்ரிப்டிலினை அதற்குக் குறைந்த அளவிலேயே தருவார்கள். சித்திக்கும் அப்படி ஒரு மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர் அதை விளக்கவில்லை. மருந்துக் கடையில் "இது டிப்ரஷன் மாத்திரைக்கா, உங்களுக்கா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். சித்தி அந்த அட்டையைப் பிரிக்கவே இல்லை.

மூன்றாவது முத்திரை பெண்கள் மேல் கூடுதலாக விழுகிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, திடீர் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைக் கவனித்தது. வலி மருந்து கிடைக்க ஆண்களுக்கு 49 நிமிடம், பெண்களுக்கு 65 நிமிடம் ஆனது. நம் ஊரில் மாதவிலக்கு வலியோடு போகும் பெண்ணுக்கு "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றும், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றும், கல்யாணம் ஆனவளுக்கு "ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்றும் பதில் கிடைக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டுபிடிக்கவே பலருக்கு வருடங்கள் ஆவதில் இந்தப் பதில்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான்காவது, 'மாத்திரைக்கு அலைகிறவர்'. ஓபியாய்டு என்பது மார்ஃபினும் அதைப் போல வேலை செய்யும் மருந்துகளும். 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கெடுபிடியாக இருந்ததால் புற்றுநோய் வலிக்குக்கூட மார்ஃபின் கிடைப்பது திண்டாட்டமாக இருந்தது. 2014-ல் திருத்தம் செய்து வழியை எளிதாக்கினார்கள். 2018-ல் டிராமடால் என்ற ஓபியாய்டு மருந்தை அதே சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வலி மாத்திரைகளைப் போதைக்காக விற்பதும் கைதாவதும் சென்னைச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது, கட்டுப்பாடு தேவைதான். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலிக்குப் பெரும்பாலும் இவை முதல் மருந்தும் இல்லை. ஆனால் சரியான சீட்டோடு வரும் நோயாளியையும் மேலும் கீழும் பார்ப்பது வேறு விஷயம். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தொந்தரவு செய்வது பழக்கப்பட்ட நிலை. கெடுதல் என்று தெரிந்தும் அடக்க முடியாமல் தேடுவது அடிமைத்தனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

மருத்துவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும்போது, ஆறு வருடக் கதையைக் கேட்க நேரம் எங்கே? கண்டுபிடி, சரிசெய், அனுப்பு என்றே அவர்களைப் பழக்கியிருக்கிறார்கள். சரிசெய்ய முடியாத ஒன்று எதிரே உட்காரும்போது வரும் கையாலாகாத உணர்வு, நோயாளியின் மேல் பழியாகத் திரும்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். காரணம் புரிகிறது. அதனால் அது நியாயமாகிவிடாது.

நம்பாததும் வலியைக் கூட்டும்

முத்திரை மனதை மட்டும் புண்படுத்துவதில்லை. ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதைப் பார்த்தோமே, அதே சுழற்சி இங்கேயும் உண்டு. நம்பவில்லை என்றதும் பதற்றம், பதற்றத்தில் தூக்கம் போகிறது, மறுநாள் வலி கூடுகிறது. கூடிய வலியைச் சொன்னால் "போன வாரத்தைவிட அதிகமா சொல்றாங்க" என்று சந்தேகமும் கூடுகிறது. வேறு டாக்டரிடம் போனால் 'டாக்டர் மாத்தி டாக்டர் போறவங்க' என்று இன்னொரு முத்திரை. கடைசியில் போவதையே நிறுத்திவிட்டு, கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கித் தினமும் விழுங்குகிறார்கள். அது வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பழுதையும் கொண்டுவரலாம். இந்தச் சுழற்சியில் நோயாளியின் 'குணம்' எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அறைக்குள் போகும்போது

நம்பவைக்கும் பொறுப்பு நோயாளி தலையில் விழக் கூடாது. ஆனாலும் இன்றைக்கு இருக்கும் நிலைமையில் சில விஷயங்கள் உதவுகின்றன. 'பயங்கரமா வலிக்குது' என்பதைவிட, எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்வது டாக்டருக்குப் பிடிபடுகிறது: பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, இரவில் மூன்று முறை விழிப்பு. இதை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகலாம். 'நார்மல்' என்று சொன்னால், "சரிங்க, அப்போ இது ஸ்கேன்ல தெரியாத வகை வலியா? அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். கூட ஒருவர் போனால் நல்லது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் மரத்து பலம் இழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு போவது போன்றவை வலியோடு சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். பழைய வலி என்று யாரும் தள்ளிவிடவும் கூடாது.

வலிக்கென்றே தனியாக இருக்கும் கிளினிக்குகள் பெரும்பாலும் மயக்கவியல் துறையோடு சேர்ந்திருக்கும். பெரிய மருத்துவமனைகளில் 'பெயின் கிளினிக்' என்று பெயரைச் சொல்லியே கேட்கலாம். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். அதே வருடம் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. தி.நகரில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு அது ஒரு வலி சிகிச்சைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் நாள்பட்ட வலி என்று தனியாக ஒன்று இல்லை. இது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மருத்துவர்களுக்கு நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம்: "உங்க வலி நிஜம். ஸ்கேன்ல தெரியாத மாதிரி வலிகள் உண்டு." இதைச் சொல்லப் பத்து நொடிகூட ஆகாது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலி என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தே வெளியிட்டது.

அந்த வாக்கியத்தை வேறோர் இடத்தில் ஓர் இளம் டாக்டர் சித்தியிடம் சொன்னார். மைக் செட் கதை இல்லை, ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். பிரிக்காமல் கிடந்த அந்த மாத்திரை எதற்கு என்றும் விளக்கினார். சித்தி இப்போது அதைச் சாப்பிடுகிறார். இருபது நிமிடம் தைத்துவிட்டு எழுந்து தெருமுனை வரை நடக்கிறார். வலி இருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி காட்டப் போக வேண்டும். அந்த ஒரு தாளை இந்த முறை அவரே எழுதிவிட்டார். முதல் வரி: "பிளவுஸ் ஒன்று முழுதாகத் தைக்க முடிகிறது. இரண்டாவது தைக்க முடியவில்லை."